ஆப்பை உருவச் சொன்னவன்

12.11.2024, செவ்வாய்

இரண்டு லோடு பேப்பர் ரீல் இறங்கியது. ஒரு பத்திரிகைக்கே தீனி போடுகிற கிடங்குக்கு நான் சூப்பர்வைசர். அந்தப் பத்திரிகையில் நான் படிப்பது ராசிபலன் மட்டும். இன்றைய பலன், மேலதிகாரி பாராட்டுவார். மேனேஜர் பொன்னுரங்கம், “என்னய்யா, உனக்கு முன்னாடி உன் தொப்பை டூட்டிக்கு வருது” என்றார். பாராட்டுதான்.

14.11.2024

மழை. மதியம் உப்பனாற்றுத் தண்ணீர் கிடங்குக்குள் ஏறிவிட்டது. ரீல் உருளாமல் இருக்க ஒவ்வொன்றின் அடியிலும் மர ஆப்பு வைத்திருப்போம். ஒரு ரீலை நகர்த்தினால் ஒரு ஆப்புதான் எடுக்கணும். நான் அவசரத்தில், “எல்லாத்தையும் ஒண்ணா உருவு மச்சான்” என்று கத்தினேன்.

“வேணாம் மாமா, வரிசையே உருளும்” என்றான் சின்னையன், என் மனைவியின் தம்பி. பதினெட்டு வருஷமாக ரீல் தள்ளுகிறவன்.

“நீ சூப்பர்வைசரா, நான் சூப்பர்வைசரா?”

உருவினான். அரை டன் ரீல் அவன் முழங்கால் மேல் —

15.11.2024

சிதம்பரம் ஆஸ்பத்திரி. வலது காலை எடுத்துவிட்டார்கள்.

18.11.2024

விபத்து அறிக்கையை மேனேஜரே எழுதிக் கொண்டுவந்தார். ‘தொழிலாளி யாரும் சொல்லாமல் ஆப்புகளை எடுத்தார்.’ கீழே என் பெயர்.

“போடலன்னா உன் வேலை போவும்யா. பொண்ணு படிப்ப நெனச்சிப் பாரு.”

கனிமொழி சிதம்பரத்தில் நர்சிங் இரண்டாம் வருஷம். போட்டேன். என் கையெழுத்து இவ்வளவு அழகாக என்றைக்கும் விழுந்ததில்லை, சனியன்.

24.11.2024

கனிமொழி போன் செய்தாள். “சின்னையன் மாமாகிட்ட அறிக்கைய காட்டிட்டாங்கப்பா. ‘உங்கப்பா இப்பிடி எழுதிருக்க மாட்டாரு’ன்னு என்கிட்டயே சொல்றாரு. நீங்க எழுதலதானே?”

சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். போனில் சிக்னல் நாலு கோடும் நின்றது.

25.11.2024

உருவச் சொன்னது நான் என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். ஏழு பிழை இருக்கும். மேனேஜர் கிடங்குச் சாவியை வாங்கிக்கொண்டார்.

26.11.2024

ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

“நேத்து எழுதுனது தெரியும் மாமா. மொதல்ல கையெழுத்துப் போட்டது யாரு?”

“நான்தான்டா.”

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

10.3.2025

பி.எஃப். தாளில் கையெழுத்து வாங்கக் கிடங்குக்குப் போனேன். சின்னையனுக்கு இப்போது கேட்டில் உட்காருகிற வேலை. அக்குள்கட்டையைச் சாத்திவைத்துவிட்டு நோட்டைப் பிரித்தான்.

“பேரு?”

“சுப்பராயலு.”

“யாரப் பாக்கணும்?”

உன்னைத்தான்டா என்று வாய்வரை வந்தது. “மேனேஜர” என்றேன். எழுதிக்கொண்டான்.