செல்வி, பி.ஏ.

அப்பா,

இன்று காலை பண்ருட்டியில் பாத்திரக் கடைக்குப் போனோம். மலருக்குக் கல்யாணம். குடம், சொம்பு, தாம்பாளம் எல்லாம் எடுத்தாயிற்று. பேர் வெட்டுகிற மிஷின் எவர்சில்வரில் கிர்ரென்று ஓட, பல் கூசியது. கடைக்காரர் நிமிராமலே, "பேருக்குப் பின்னால படிப்பு எதனா போடணுமாம்மா?" என்று கேட்டார். "ஒண்ணும் வாணாம். வெறும் பேர் போதும்" என்றாள் மலர். பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்த உன் சின்ன மகள் அதைக் காய்கறிக்காரரிடம் சொல்வது போலச் சொன்னாள். எனக்கு அழுகை வருமென்று பார்த்தேன். வரவில்லை. நீ போனதிலிருந்தே அப்படித்தான் இருக்கிறேன்.

என் கல்யாணத்துக்கு நீ பேர் வெட்டக் கொடுத்தது ஞாபகம் இருக்கிறதா? அலை வந்து படகைக் கொண்டுபோன வருஷம் நான் கடலூரில் காலேஜில் இரண்டாம் வருஷம். அதோடு நின்றேன். பிறகு பண்ருட்டியிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை ஆபீசில் கிளார்க், டிகிரி படித்த பெண்தான் வேண்டும் என்றார்கள். தரகர் "பொண்ணு பி.ஏ." என்று சொல்லிவிட்டார். நீயும் இல்லையென்று சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கடையில் 'செல்வி, பி.ஏ.' என்று வெட்டச் சொன்னாய். "யப்பா, நான் முடிக்கலியே" என்றேன். "ரெண்டு வருசம் போன இல்ல? ரெண்டு எழுத்து. கணக்கு சரியாப் போச்சு" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். பாத்திரமெல்லாம் என்னோடு பண்ருட்டிக்கு வந்தன. ஒரு சொம்பை மட்டும் அம்மா தன்னிடம் வைத்துக்கொண்டாள்.

போன வருஷம் மலருக்குக் கவுன்சலிங்கில் சிதம்பரம் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் இடம் கிடைத்தது. நீயும் அவளும் பஸ் ஏறிப் போய், கேட்டுக்கு வெளியிலேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்பினீர்கள். வீட்டில் யாரும் பட்டம் வாங்கவில்லை என்று முதல் பட்டதாரி சான்றிதழ் கிடைத்தால் படிப்புக் கட்டணத்தை அரசாங்கமே பார்த்துக்கொள்ளும். அது இல்லாமல் நம்மால் ஆகாது. விசாரிக்க வி.ஏ.ஓ. வீட்டுக்கு வந்தார். வெயிலில் வந்த மனிதருக்கு அம்மா சொம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

குடித்துவிட்டு அவர் சொம்பைத் திருப்பிப் பார்த்தார். "செல்வி யாரும்மா? பி.ஏ.வா?"

"எங்க பெரியவ சார். காலேஜ் முடிச்சவ." நாலு வருஷமாக ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லி அம்மாவின் வாய்க்கு அதுவே பழகிவிட்டது.

நீ என்னென்னவோ சொல்லிப் பார்த்தாய். அவர் கெட்டவர் இல்லை. "அப்ப அவுங்களே முடிக்கலன்னு கைப்பட எழுதித் தரட்டும். பண்ருட்டியில அவுங்க வீட்டாண்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கறேன். வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்" என்றார். மலர் அப்போது மார்க் ஷீட் நகலெடுக்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள்.

புதன்கிழமை நீ பண்ருட்டிக்கு வந்தாய். என் மாமியார் காபி கொடுத்து, பக்கத்து வீட்டு அம்மாளிடம், "எங்க மருமவ பி.ஏ.வாச்சே, பேரனுக்கு டியூசனே வாணாம்" என்று பெருமை பேசினாள். நீ காபியையே பார்த்துக்கொண்டிருந்தாய். பஸ் ஸ்டாண்டுக்கு உன்னை ஏற்றிவிட வந்தபோதுதான் விஷயத்தைச் சொன்னாய். "நாலு வரி போதுமாம். எழுதித் தரியாம்மா?"

"இவுங்களுக்குத் தெரிஞ்சிடும்பா" என்றேன்.

கடலூர் பஸ் வந்தது. "சரி, உட்டுடு" என்று ஏறிவிட்டாய். வெள்ளிக்கிழமை போயிற்று. எனக்கு அன்று பயம்தான், வேறு காரணம் ஒன்றும் இல்லை. இவர்கள் என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன்.

மலரிடம் நீ சொன்ன பொய்யை அம்மா சொல்லித்தான் அறிந்தேன். "கடைசித் தேதிய நான்தாம்மா மறந்துட்டேன்" என்றாயாம். அவள் கடலூரில் ஒரு செல்போன் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். உனக்குச் சோறு போட்டு வைப்பாள், தட்டைக் கழுவுவாள். முகம் பார்த்துப் பேசுவதில்லை. நீயும் அதை வாங்கிக்கொண்டாய். இந்த வருஷம் மாசியில் காய்ச்சலாகப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. உன்னை எடுத்துப்போன பிறகு மலர் என் தோளில் சாய்ந்து, "ஒரே ஒரு தேதி அக்கா. அத எப்படி மறந்தாரு?" என்று கேட்டாள். அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

வெட்கமாக இருக்கிறது என்று எழுதலாம். ஆனால் அதுகூட மரத்துப்போனாற்போல்தான் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன். தினமும் சமையல் ஆகிறது, பாத்திரம் கழுவுகிறேன், பொழுது போய்விடுகிறது. உனக்கு மட்டும் இத்தனை வரி எழுத வருகிறது.

நீ கேட்ட நாலு வரியையும் இப்போது எழுதிவிட்டேன். என் பெயர் செல்வி. கல்லூரியில் இரண்டாம் ஆண்டோடு படிப்பை நிறுத்திவிட்டேன். மலர் என் உடன்பிறந்த தங்கை. எங்கள் குடும்பத்தில் இன்று வரை பட்டம் பெற்றவர் எவரும் இல்லை.