முன் பிரேக் எந்தக் கையில்

லா கிராஸ், விஸ்கான்சின்
நவம்பர் 19

ஆரினுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலியை மகளிடம் சொல்கிறாய், மருத்துவரிடம் சொல்வதில்லை என்று கேள்விப்பட்டேன். போனில் பேசினால் நமக்குள் உடனே சண்டை வந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன்.

டிசம்பர் பதினொன்றாம் தேதி நம் பெண் சிக்னியின் கல்லூரி அணி சேற்றுச் சைக்கிள் சாம்பியன்ஷிப்பில் ஓடுகிறது. சைக்கிள் மாற்றித் தரும் இடத்தில், அந்தப் பிட்டில், என்னை நிற்கச் சொல்லியிருக்கிறாள். உன்னையும் தனியாகக் கேட்டிருப்பாள் என்று சந்தேகப்பட்டு விசாரித்தேன். "ஆமா, ரெண்டு பேரையும்தான் கூப்பிட்டேன். நீங்க பிரிஞ்சதுலேருந்து ஒரு பார்க்கிங்லகூட சேர்ந்து நின்னதில்ல. ஒரு மணி நேரம் பக்கத்துல நின்னா செத்தா போயிடுவீங்க?" என்றாள்.

நாம் ஓட்டிய காலம் உனக்கு மறந்திருக்கும், விதிகளை ஞாபகப்படுத்துகிறேன். அவள் அணியில் பெண்கள் மூன்றே பேர். மூவரும் முடித்தால்தான் அணிக்குப் புள்ளி. முதலில் போகிறவள் ஒரு சுற்று கூடுதலாக வந்து பிடித்துவிட்டால், பிடிபட்டவளைத் தடத்திலிருந்து வெளியே அனுப்பிவிடுவார்கள். மூவரில் மெதுவானவள் நம் பெண். மழை பெய்தால் அரைச் சுற்றிலேயே சேறு அப்பிச் சக்கரம் நின்றுவிடும். அழுக்குச் சைக்கிளை வாங்கிக் கழுவ ஓர் ஆள், சுத்தமானதைக் கொடுக்க ஓர் ஆள் கட்டாயம் வேண்டும். நாம் ஒழுங்காக நின்றால் அவள் முடிப்பாள். அவ்வளவுதான் விஷயம்.

நீ வாங்கு, நான் கொடுக்கிறேன். சைக்கிளைத் தவிர வேறு பேச்சு வேண்டாம். பனி விழுந்தது, லாரியை எடுக்கச் சொன்னார்கள் என்ற பழைய பாட்டும் வேண்டாம். என் வீட்டுச் சைக்கிளில் முன் பிரேக் வலது கையில். கழுவும்போது கவனம்.

மார்லிஸ்


ஆஷ்லண்ட்
நவம்பர் 24

மார்லிஸுக்கு,

கடிதம் கிடைத்தது. வருகிறேன். பனி அள்ளும் லாரிக்கு அன்று என்னோடு வேலை செய்யும் வெண்டல் போகிறான். அதற்குப் பதிலாக அவனுடைய புத்தாண்டு வேலையை நான் எடுத்துக்கொண்டேன். பழைய பாட்டு இந்த முறை கிடையாது.

ஆனால் முன் பிரேக் வலது கையில் என்று படித்ததும் காப்பியைக் கீழே வைத்துவிட்டேன். என் வீட்டுச் சைக்கிளில் அது இடது கையில் இருக்கிறது. இந்த நாட்டில் எல்லாருக்கும் அங்கேதான் இருக்கும். நீ கல்லூரி நாட்களிலிருந்தே உன் இஷ்டத்துக்கு மாற்றி வைப்பவள், சரி. அதைப் பெண்ணின் சைக்கிளிலுமா?

இத்தனை நாளும் எந்த வீட்டிலிருந்து போனாளோ அந்த வீட்டுச் சைக்கிளில் ஓடினாள், ஒன்றே போதுமாக இருந்தது. நாலு வருஷமாக உன் வீட்டில் ஒரு கை, என் வீட்டில் ஒரு கை. நம்மிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது ஒரே பந்தயத்தில் இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டப்போகிறாள். சரிவில் தப்பான கையை அழுத்தினால் தலைகுப்புற விழுவாள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். நீ மாற்றிவிடு.

ஆரின்


லா கிராஸ்
நவம்பர் 29

ஆரினுக்கு,

"நீ மாற்றிவிடு." பதினாறு வருஷக் கல்யாணத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுத முடியாது.

மாற்ற மாட்டேன். இறங்கி ஓடும்போது இடது கை ஒன்றுதான் கைப்பிடியில் இருக்கும். அந்தக் கையில் பின் பிரேக் இருப்பதுதான் புத்தி. உன்னையும் மாற்றச் சொல்லவில்லை, நீ எதை மாற்றிக்கொண்டாய், இதை மாற்ற? அவளுக்கு இரண்டும் பழக்கம். இருக்கிறபடி இருக்கட்டும்.

தேர்வு முடியும்வரை சைக்கிளைத் தொட மாட்டாளாம். உன்னுடையதை நீ கொண்டு வா, என்னுடையதை நான் கொண்டு வருகிறேன். சங்கிலி தேய்க்க எங்கள் பல் ஆஸ்பத்திரியிலிருந்து புது பிரஷ்கள் எடுத்து வைத்திருக்கிறேன்.

மார்லிஸ்


ஆஷ்லண்ட்
டிசம்பர் 3

மார்லிஸுக்கு,

சரி. இருக்கிறபடியே இருக்கட்டும். சண்டை வேண்டாம். பிரஷ் இரண்டு எனக்கும் வை.

ஆரின்


ஆஷ்லண்ட்
டிசம்பர் 13

மார்லிஸுக்கு,

ஞாயிற்றுக்கிழமை கத்தியதில் தொண்டை இன்னும் சரியாகவில்லை. கிளம்பும்போது ஒழுங்காகப் பேசக்கூட இல்லை. நீ நின்ற இடத்திலிருந்து உனக்குத் தெரியாத ஒன்றை எழுதுகிறேன்.

முதல் மாற்றத்தில் உன் வீட்டுச் சைக்கிளை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டு தண்ணீர்க் குழாய் வரிசைக்கு ஓடினேன். எனக்கு முன்னால் தாடிக்காரர் ஒருவர் தன் பையனின் சைக்கிளைக் குழந்தையைக் குளிப்பாட்டுவது மாதிரி நிதானமாகக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். "சார், பந்தயம் இன்னைக்கா, அடுத்த வாரமா?" என்று கேட்டுவிட்டேன். முறைத்தபடி விலகினார். சைக்கிள் நகராமல் இருக்க வலது பிரேக்கைப் பிடித்தேன். நின்றது பின் சக்கரம். இடதைப் பிடித்தேன். முன் சக்கரம் நின்றது.

நீ என் வழிக்கு மாற்றியிருக்கிறாய் என்று அப்போதுதான் புரிந்தது. ஆனால் அதற்கு முந்தின வாரம் என் சைக்கிளை நானும் மாற்றியிருந்தேன், வலது கைக்கு, உன் வழிக்கு. நீ கையில் வாங்கியதும் பார்த்து வாயடைத்துப்போக வேண்டும் என்று எழுதாமல் மறைத்தேன். நான் எதையாவது மாற்றிக்கொண்டேனா என்று கேட்டாயே, அது தைத்திருந்தது. நீயும் அதே வேலையைச் செய்வாய் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. பாதி கழுவிய சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடி வந்தேன். முழங்கால் வலி அப்போது ஞாபகமே வரவில்லை.

அதற்குள் அவள் என் சைக்கிளில் விழுந்திருந்தாள். அதை நீ பார்த்தாய், நான் பார்க்கவில்லை. எழுது.

ஆரின்


லா கிராஸ்
டிசம்பர் 16

அன்புள்ள ஆரினுக்கு,

எழுதுகிறேன். சேறு அதிகமென்று காலையில் தடத்தில் யாரையும் ஓட்டிப்பார்க்க விடவில்லை அல்லவா, அதனால் நீ மாற்றியதும், சண்டை வேண்டாம் என்று நீ எழுதியதைப் பார்த்து நான் மாற்றியதும் அவளுக்குத் தெரியாது. முதல் அரைச் சுற்றில் என் சைக்கிளிலேயே ஒருமுறை விழுந்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். மூக்கு வரை சேறு. எல்லாருக்கும் அப்படித்தானே என்று நான் கண்டுகொள்ளாமல் உன்னுடையதைக் கொடுத்து அனுப்பினேன். சரிவின் உச்சியில் ஏதோ அழுத்தினாள், கைப்பிடியைத் தாண்டிப் பறந்தாள். வேலியோரம் உற்சாகப்படுத்த மாட்டு மணி ஆட்டிக்கொண்டிருந்த ஒருவன், "தங்கச்சி, உன்னைவிடச் சேறு முன்னாடி போகுது பாரு" என்று கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு உயிர் போய் வந்தது.

அப்புறம்தான் நீ வந்தாய். சொன்னாய். அடுத்த முறை அவள் உள்ளே வந்து, ஒரு காலை ஊன்றிக்கொண்டு, "யார் மாத்தினது?" என்று கேட்டாள். நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "நான்" என்றோம். அவள் முகம் உனக்குச் சரியாகத் தெரிந்ததா? முதலில் சிரித்தாள். பிறகுதான், "நாலு வருஷமா அம்மா வீட்டுக்கு ஒரு கை, அப்பா வீட்டுக்கு ஒரு கைன்னு மண்டையில ஏத்தி வெச்சிருந்தேன். யாராவது என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள். "இனிமே எதையும் தொடாதீங்க. குடுக்கும்போது முன் பிரேக் எந்தக் கைன்னு கத்துங்க, போதும்."

மற்றது உனக்கே தெரியும். என் சைக்கிளுக்கு நீ "இடது", உன்னுடையதற்கு நான் "வலது" என்று தொடங்கி, கடைசியில் வேலிக்கு அந்தப்பக்கம் நின்ற கூட்டமே அவளுக்குக் கை சொல்லிக்கொண்டிருந்தது. முதலில் வந்தவள் அவளை நெருங்கியபோது உன் சட்டையை நான்தான் பிடித்து இழுத்தேன், மன்னித்துவிடு, பொத்தான் போய்விட்டது. பிடிபடாமல் கடைசிச் சுற்றுக்குள் நுழைந்துவிட்டாள். மூன்று பேரும் முடித்தார்கள். அணிக்கு ஏழாவது இடம். உலகக் கோப்பையே வென்ற மாதிரி அந்த மூன்று பெண்களும் சேற்றில் உருண்டார்கள்.

அவள் கேட்டது என்னை விடவில்லை. நேற்று வந்திருந்தபோது முதல்முறையாக, "இந்தக் கிறிஸ்துமஸுக்கு எங்கே இருக்க ஆசை?" என்று கேட்டேன். இது என் முறை. அதனால் பதில் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

"டெல்ஃபின் வீட்டுக்குப் போறேம்மா, மில்வாக்கிக்கு. அங்க ஒரே வீடு, ஒரே மரம். நடுவுல பெட்டி கட்ட வேண்டாம்" என்றாள். டெல்ஃபின் அவள் அணிப் பெண். சரி என்றேன். குளியலறைக்குள் போய் அழுதுவிட்டு வந்து, நல்ல கோட்டை எடுத்துப் போகச் சொன்னேன். இரண்டு சைக்கிளையும் இனிமேல் தன் அறையிலேயே வைத்துக்கொள்வாளாம். பிரேக்கைத் தானே மாற்றிக்கொள்வாளாம். எந்தக் கைக்கு என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பொத்தானைத் தைத்துத் தருகிறேன் என்று சொல்ல மறந்துவிட்டேன்.

மார்லிஸ்


ஆஷ்லண்ட்
டிசம்பர் 18

அன்புள்ள மார்லிஸ்,

ஒரே வீடு, ஒரே மரம். இரண்டு முறை படித்தேன். வலித்தது. நம் பெண் வளர்ந்துவிட்டாள் என்று பெருமையாகவும் இருந்தது. நீ குளியலறையில் அழுதாய், நான் கராஜில். இங்கே கொஞ்சம் குளிர் அதிகம்.

உன் கடிதத்தை மடித்து வைத்ததும் கார் சாவியை எடுத்துவிட்டேன். கிறிஸ்துமஸுக்கு அவள் உன்னிடமும் இல்லை, என்னிடமும் இல்லை, இப்போதே உன் வீட்டில் போய் நின்றுவிடலாம் என்று தோன்றியது. வாசல்வரை போனேன். பிறகு திரும்பி வந்து உட்கார்ந்தேன். ஆஷ்லண்டில் வீடு வாங்கியதை வாங்கிய பிறகுதான் உன்னிடம் சொன்னேன். லாரி வேலையில் சேர்ந்ததையும் அப்படியே. பிரேக்கை உனக்காக மாற்றியதைக்கூட உன்னிடம் கேட்டுச் செய்யவில்லை.

அதனால் இதை எழுதுகிறேன். இருபத்துநான்காம் தேதி மத்தியானம் உன் வீட்டுக்கு வரட்டுமா? சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவேன். இருட்டிவிட்டால் தங்கும் விடுதி இருக்கிறது. வேண்டாமென்றால் வேண்டாமென்று எழுது, கோபித்துக்கொள்ள மாட்டேன்.

உன் பதில் வரும்வரை வண்டியை எடுக்க மாட்டேன்.

ஆரின்