கையுறைக்குள் ஞாயிற்றுக்கிழமைக் கறி

தார்ன்பெக், யார்க்‌ஷயர்
ஆகஸ்ட் 19

அன்பு மகள் ஹெஸ்டருக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம், என் பத்து விரல்களும் சுகம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நியூசிலாந்தில் நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்? அங்கே இப்போது குளிர்காலம், காலுறை போடாமல் நடக்காதே.

போன மாதம் என் சுண்டுவிரல் வீங்கியதை அம்மா போனில் ஒன்றுக்கு மூன்றாகச் சொல்லியிருப்பாள். "இன்னொரு தடவை கை வீங்கி வந்தே, கையுறை ரெண்டும் சர்ச்சுல பழைய சாமான் விற்பனைக்குப் போயிடும். அறுபத்திரண்டு வயசுல விக்கெட் கீப்பராம்!" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள். சொன்னால் செய்கிறவள். ஹட்டன் ஊரோடு ஆட்டம் வேறு நெருங்கிவிட்டது, முப்பது வருஷம் ஸ்டம்புக்குப் பின்னால் நின்றவன் போய் எல்லைக்கோட்டில் நிற்பதா? அதனால் தபால்காரி வின்னியிடம் ஒழுங்காகப் பாய்ந்து பிடிக்கக் கற்றுக்கொண்டேன், அவள் மாவட்ட அணியின் கீப்பர். உன் அறை மெத்தையைத் தோட்டத்தில் போட்டுத்தான் பழகினோம், கோபப்படாதே. "முழங்கையை ஊனாதீங்க தாத்தா, பக்கவாட்டுல விழுந்து அப்படியே உருளுங்க, விரல் நுனியைப் பந்துக்கு நேரா நீட்டாதீங்க" என்று கத்துவாள். தாத்தாவாம், கொழுப்பைப் பார்!

பாய்ச்சல் கைவந்துவிட்டது, உள்ளங்கையை நினைத்தால்தான் பயம். அந்தக் காலத்து கீப்பர்கள் அடி தாங்குவதற்காகக் கையுறைக்குள் பச்சை மாட்டுக்கறியை வைத்துக்கொண்டு ஆடுவார்கள் என்று என் அப்பா சொல்லுவார். ஆட்டத்தன்று, சனிக்கிழமை காலை ஃப்ரிட்ஜைத் திறந்தால், மறுநாள் விருந்துக்கு அம்மா வாங்கிய இரண்டு துண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கைக்கு ஒன்று. நன்றாகத்தான் போயிற்று, ஆனால் நடுவராக நின்ற பாதிரியாரின் நாய் டாபி மதியம் முழுக்க என் முதுகுக்குப் பின்னால் எச்சில் வடிய உட்கார்ந்திருந்தது. கடைசி ஓவரில் இடப்பக்கம் பாய்ந்து, உருண்டு, பிடித்தேன் பார்! ஊரே கைதட்டியது. டாபி மட்டும் என்மேல் பாய்ந்து கையுறையைக் கவ்வியது. அதற்கு கிரிக்கெட் என்றால் உயிர் என்று சொல்லிச் சமாளித்தேன். ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்த அம்மா பென்சிலை நிறுத்திவிட்டு என் கையுறையையே பார்த்தாள். வீடு திரும்பியதும் கறியைக் கழுவிப் பழைய இடத்திலேயே வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விருந்துக்குப் பாதிரியார் வந்தார், அந்தக் கறி அவர் தட்டுக்கும் போகுமே என்று எனக்கு ஒரே பயம். அவருக்கும் தனக்கும் கோழிக்கறி வைத்த அம்மா, என் தட்டில் மட்டும் அந்த இரண்டு துண்டையும் வைத்தாள். "நேத்து நாலு மணி நேரம் உன் கையிலதானே இருந்துச்சு, நீயே சாப்பிடு" என்றாள். பாதிரியாருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. பிறகு என் கைகளைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், ஒரு வீக்கமும் இல்லை. அப்புறமும் சும்மா இருக்காமல் என் தட்டிலிருந்து ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டாள். மென்றாள். இன்னொரு துண்டும் எடுத்தாள்.

"பந்தடி வாங்கி வாங்கிப் பஞ்சு மாதிரி ஆயிருக்கே" என்றாள். "அடுத்த சனிக்கிழமைக்குக் கடையில இருக்கிறதிலேயே முரட்டுக் கறியா வாங்கிட்டு வரேன்."

இருவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். கிறிஸ்துமஸுக்கு வரும்போது அந்த மெத்தையின் இடப்பக்கம் படுத்துவிடாதே, நான் பாய்ந்து பாய்ந்து அங்கே குழி விழுந்திருக்கிறது.

விரல் வீங்காத உன் அப்பா,
வில்ஃப்ரெட்