எர்த் ஒயருக்கு அடியில சந்தனம்

ஐப்பசி, வெள்ளி ராத்திரி.

போன வாரம் நான் ஸ்டீரியோ மாட்டுன காரை, பீங்கான் கம்பெனி முதலாளி இன்னிக்குத் திருப்பிக் கொண்டாந்துட்டாரு. ஆக்சிலேட்டர மிதிச்சா பாட்டுக்கு மேல ஊளை ஏறுது. ஒயர மாத்தி ஓட்டுனேன், ஃபில்டர் போட்டேன், போகல. கடைசியா டிக்கியில எர்த் ஒயரக் கழட்டுனா, அடியில காஞ்ச சந்தனம். எர்த் நல்லாப் புடிக்கணும்னு பெயிண்ட சுரண்டி நான் பளபளன்னு விட்ட எடம் அது.

அந்த போல்ட்ட முடுக்குனது என் மச்சினன் சேகர். "எவன்டா வெச்சான்?"ன்னேன். "நான்தான் மாமா"ன்னான். முதலாளி முன்னாடியே கன்னத்துல ஒண்ணு வுட்டேன். நகத்தாலயே சுரண்ட வெச்சேன். முதலாளி சிரிச்சாரு. ஒயர மறுபடி முடுக்குனதும் ஊளை நின்னுடுச்சு. இனிமே கடைப்பக்கம் வராதன்னு அவனத் துரத்திட்டேன்.

சாப்புடறப்ப பொண்டாட்டிகிட்ட சொன்னேன். கரண்டியோட அப்படியே நின்னுட்டா.

"அது நான் வெச்ச பொட்டுங்க. போன வெள்ளி கடைக்கு சூடம் காட்ட வந்தப்ப, டிக்கியில அந்த எடம் பளிச்சுன்னு இருக்குதேன்னு வெச்சேன். அக்கா வெச்சத அழிக்க மனசு வராம முடுக்கியிருப்பான்."

அவனத் திரும்பக் கடைக்குக் கூப்புட்டா, முதலாளி முன்னாடி நான் அடிச்சது தப்புன்னு ஆயிடும்.

"ரசத்த ஊத்து"ன்னேன்.

ஊத்துனா.