இரு மாப்ளே, வாரேன்

பங்குனி 18, காலை 6.20. அலை முகாம்

கடல் வெப்பம் 29. நீர் தெளிவு. மான்கொம்புப் பவளம் பழுப்பு, நுனிகளில் நீலம். நலம்.

என் பெயர் சுயம்பு. உப்பளத்துக்காரன். தீவில் இருப்பவர் குறிப்பு எழுதிவர வேண்டும் என்பது இங்கே விதி. இதுவரை என் மச்சான் தவசிமுத்து எழுதினார். அவர் என் அக்கா சண்முகவடிவின் புருஷன். நேற்று பல்வலி என்று தாடையைப் பிடித்துக்கொண்டு, வைத்தியர் இருக்கும் கப்பலுக்குப் போகும் படகில் ஏறினார். அதனால் இன்று நான் எழுதுகிறேன்.

நான் எழுதுகிறேன்! இதைக் கண்டெடுப்பவர் யாரானாலும் இந்த வரியை இன்னொரு முறை படிக்கவும்.

தீவு முழுதும் திருத்தி வளர்த்தது. பழைய பவளம் எல்லாம் வெந்து செத்தபின், தொட்டியில் மனிதக் கைபட வளர்த்த குஞ்சுகளை இங்கே நட்டார்களாம். தினம் ஒரு ஆளாவது இறங்கி நடுவில் நீந்தாவிட்டால் அவை ஏங்கி வெளுத்துவிடும். காட்டையும் அப்படித்தான் நட்டு எழுப்பியிருக்கிறார்கள். முதுகில் பையைக் கட்டிக்கொண்டு கரையோரம் முகாம் முகாமாக நடப்பதும், காலையில் பவளத்தில் முங்குவதும், மதியம் காட்டுக்குள் ஏறுவதும்தான் எங்கள் பயணம். குலுக்கலில் மச்சானுக்கு இரண்டு இடம் விழுந்தது. என்னையும் கூட்டிவந்தார்.

தண்ணீருக்குள் கிளிமீன் பவளத்தைக் கடிக்கிற சத்தம், பக்கத்து வீட்டில் முறுக்கு தின்பது போலக் கேட்கிறது.

பங்குனி 20, மாலை 5.40. அருவி முகாம்

காட்டு வெப்பம் 31. மழை இல்லை. அட்டை ஏராளம். காலில் உப்புத்தூள் தடவிக்கொண்டேன். ஆயுசெல்லாம் உப்போடு பட்ட பாட்டுக்கு இன்றுதான் உப்பு எனக்கு வேலை செய்தது.

மரங்களுக்கு நடுவே தொங்குபாலம். அதன் மேலிருந்து இருவாச்சி ஒன்று பறந்துபோவதைப் பார்த்தேன். சிறகு அடிக்கும் சத்தம் ரயில் மூச்சு விடுவது போல இருந்தது. மச்சான் இருந்திருந்தால், "உன்னைய மாதிரியே மூக்கு மாப்ளே" என்றிருப்பார்.

ஒவ்வொரு முகாமிலும் ஒரு பேசும் கம்பம் உண்டு. மாலையில் அது கேட்கும்: "சுயம்பு ஐயா, நீங்கள் இருக்கிறீர்களா?" நான் "இருக்கேன்" என்பேன். நல்ல மரியாதையான கம்பம்.

மச்சான் இன்னும் வரவில்லை. பல்லைப் பிடுங்கியிருப்பார்கள். வாய் வீங்கிய மனிதனைப் படகில் ஏற்ற மாட்டார்கள்.

பங்குனி 23, காலை 7.05. அலை முகாம்

கடல் வெப்பம் 30. பவளம் நலம்.

எழுத்து எப்படி வந்தது என்று எழுதிவைக்கிறேன். இந்த மூன்று மாதப் பயணத்தில் வந்ததுதான். அலை இறங்கியபின் ஈர மணலில் மச்சான் குச்சியால் எழுதுவார். நான் அதன் மேலேயே விரலை ஓட்டுவேன்.

"இது என்னவே?" என்பார்.

"நண்டு."

"நண்டுதாம்வே. ஆனா இதுக்குப் பேரு 'ஞ'. கால எண்ணாம எழுத்தப் பாரும்."

தப்பாகப் போட்டால் ஈர மணலை என் முதுகில் அப்புவார். சரியாகப் போட்டால், "படிச்ச மாப்ள பொண்ணு கேக்கலாம்யா இனிமே" என்பார். எழுபது வயதில் பெண் எதற்கு. ஆனால் என் பெயரை நானே எழுதியதும் கண் கலங்கிவிட்டது. அலை வந்து அழித்தது. மறுபடி எழுதினேன். மறுபடி அழித்தது. சலிக்காமல் எழுதினேன்.

"எதுக்கு மச்சான் இவ்வளவு மெனக்கெடுதீக?" என்று கேட்டேன்.

"ஒனக்குத் தேவப்படும்லே" என்றார்.

என் அப்பன்கூட எனக்காக இப்படி உட்கார்ந்தது கிடையாது.

பங்குனி 27, மாலை 6.00. அலை முகாம்

வெப்பம் 30.  எழுத்து கோணினால் மன்னிக்கவும்.

இன்று கம்பம் என்னை "பொறுப்பாளர் சுயம்பு ஐயா" என்று அழைத்தது. எந்தப் பொறுப்பு என்று கேட்டேன். அது சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"இருவர் கொண்ட குழுவில் ஒருவர், அடுத்த ஆண்டுக் குழு வரும்வரை தீவில் தங்கப் பொறுப்பேற்க வேண்டும். அந்த உறுதியின் பேரில் பயணம் இலவசம். தவசிமுத்து பொறுப்பேற்றிருந்தார். பொறுப்பை மாற்றிக்கொள்ள, மற்றவர் எழுதப் படிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். பங்குனி 17 அன்று தவசிமுத்து உங்களைத் தகுதியானவர் என்று அறிவித்தார். உங்களிடம் கேட்டோம்: தவசிமுத்து கிளம்புகிறார், நீங்கள் இருக்கிறீர்களா? இருக்கேன் என்றீர்கள்."

சொன்னேன். ஆமாம். ஆள் இருக்கிறாயா என்று கேட்டால் இருக்கேன் என்றுதானே சொல்வோம். வீட்டு வாசலில் யாரேனும் குரல் கொடுத்தால் உள்ளேயிருந்து சொல்வது போலச் சொன்னேன். தங்குகிறேன் என்றா சொன்னேன்?

குலுக்கல் இல்லை. பல்வலி இல்லை. மணலில் உட்கார்ந்து கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தது எனக்காக இல்லை.

பங்குனி 28, காலை 6.30. அலை முகாம்

கடலில் இறங்கினேன். பவளம் என்ன செய்தது, பாவம். நலம்.

படகில் ஏறும்போது மச்சான் சொன்னதைத் தாளில் எழுதிப் பார்த்தேன். "இரு மாப்ளே, வாரேன்." அன்று காதில் விழுந்தபோது, கொஞ்சம் பொறு, திரும்பி வருகிறேன் என்று விழுந்தது. மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதும்போது வேறு விதமாக இருக்கிறது. இரு. இங்கேயே இரு. வாரேன். எங்கள் ஊரில் விடைபெறுபவன் சொல்வதும் வாரேன்தான். போறேன் என்று சொல்லக் கூடாது.

அந்த வார்த்தையில் மட்டும் மனிதர் பொய்யே சொல்லவில்லை. முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார். நான் கையாட்டினேன். வெந்நீரில் கிராம்பு போட்டுக் கொப்பளிங்க என்று கத்தி வேறு சொன்னேன்.

சித்திரை 11, மதியம் 1.15. அருவி முகாம்

கடல் வெப்பம் 31. மேட்டுப் பவளத்தின் நுனி வெளுத்திருக்கிறது. தினம் இரண்டு முறை இறங்குகிறேன். ஆள் இல்லாத ஏக்கம் இல்லை இது, சூடு.

பையைக் கட்டிக்கொண்டு முகாம் முகாமாக நடக்கிறேன். அதே தொங்குபாலம், அதே அருவி. அழகு குறையவில்லை. அதுதான் கோபமாக இருக்கிறது.

சரி, ஒரு வருஷம்தானே, அடுத்த குழு வரும்வரை ஓட்டிவிடலாம் என்று மனதைத் தேற்றியிருந்தேன். இன்று கம்பத்தில் அறிவிப்பு: "திட்டம் நிறுத்தப்படுகிறது. அடுத்த குழு இல்லை. பொறுப்பாளர்கள் இருக்கும் தீவுகள் அப்படியே தொடரும்."

எதுவரை தொடரும் என்று கேட்டேன். "நீங்கள் இருக்கும்வரை" என்றது.

வைகாசி 6, காலை 8.00. அலை முகாம்

மழை தொடங்கிவிட்டது. உப்புக்காற்றில் சூரியத்தகடு கறுத்துவிட்டது. அருவி முகாமின் கம்பம் செத்தது. இங்கே உள்ள கம்பத்துக்கு வாய் போய்விட்டது. நான் பேசினால் கேட்கிறது, பதிலைத் திரையில் எழுத்தாகக் காட்டுகிறது. நல்லவேளை படிக்கத் தெரியும் என்று நினைத்தேன். உடனே, கற்றுத்தந்தவர் யார் என்பதும் நினைவுக்கு வந்தது.

என்னை விடுவிக்க வழி உண்டா என்று கேட்டேன். திரையில் வந்தது: "தவறுதலாகப் பொறுப்பு மாறியது என்று உடன் வந்தவர் ஒப்புக்கொண்டால் படகு அனுப்பப்படும்."

மச்சான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அக்கா கேட்டால் சொல்லுவார். அவள் சட்டியைக் கீழே வைக்கும் சத்தத்துக்கே நடுங்குகிற மனிதர்.

குரல் அனுப்ப மின்சாரம் போதாதாம். எழுத்தாக அனுப்பலாம்; திரையில் விரலால் எழுதினால் அப்படியே தாளாகி வீட்டுக்குப் போகுமாம். ஒரு பொழுது முழுக்க உட்கார்ந்து எழுதினேன். நான் எழுதிய முதல் கடிதம்.

"அக்கா, நான் சுயம்பு. மச்சான் உன்னிடம் என்ன சொல்லியிருந்தாலும் நிசம் இல்லை. நான் விரும்பி இருக்கவில்லை. எனக்குத் தெரியாமல் என்னை மாட்டிவிட்டு வந்துவிட்டார். இனிப் படகு வராது. அவரை ஒப்புக்கொள்ளச் சொல்லு. அவரோடு சண்டை போடாதே. நான் வந்து போட்டுக்கொல்கிறேன்."

அனுப்பியாயிற்று. சந்தோஷமாக இருக்கிறது. மழையில் நனைந்துகொண்டே கடலில் இறங்கினேன்.

வைகாசி 15, மாலை 4.30. அலை முகாம்

காய்ச்சல். மேட்டுப் பவளம் முழுதும் வெள்ளை. எலும்புக்கடை போல இருக்கிறது.

பதில் வந்திருக்கிறது. பார்த்து எழுதுகிறேன்.

"மாப்ளே, ஒன் கடிதாசி கெடச்சுது. அக்காளுக்கு நாந்தான் படிச்சுக் காட்டுனேன். நீ அங்க ராசா மாதிரி இருக்கதா எழுதுனதக் கேட்டு ரொம்ப அழுதா, சந்தோசத்துல. எல்லார்ட்டயும் தம்பி கைப்பட எழுதுனதுன்னு காட்டுதா. எழுத்து நல்லா வந்துருக்கு. 'போட்டுக்கொல்கிறேன்'னு எழுதிருக்க. அதுக்கு 'ள' போடணும். கவனமா எழுது. தவசி."

அதற்குக் கீழே கம்பத்தின் வரி: "உடன் வந்தவர் உறுதிசெய்தார். சுயம்பு விரும்பியே இருக்கிறார்."

அக்காவுக்கு எழுத்து தெரியாது. எனக்குத் தெரிந்துவிட்டதால் அவளுக்கும் தெரியும் என்பது போல எழுதிவிட்டேன். தாள் அவள் கையில்தான் இருக்கிறது. ஊரெல்லாம் காட்டுகிறாளாம். காட்டுகிற வீடுகளில் ஒருவர்கூடவா படிக்கத் தெரிந்தவர் இல்லை? அல்லது எந்தத் தாளைக் கொடுத்திருக்கிறார் அவர்?

வைகாசி 19, மதியம் 12.10

மாலைக் கேள்விக்குப் பதில் சொல்வதை நிறுத்திவிட்டேன். "நீங்கள் இருக்கிறீர்களா?" என்று திரையில் வரும். பேசாமல் உட்கார்ந்திருப்பேன்.

இன்று வந்தது: "தொடர்ந்து பதில் இல்லை. சுயம்பு இல்லை எனப் பதிவாகிறது. உடலை எடுத்துவரப் படகு அனுப்பலாமா என்று குடும்பத்தாரிடம் கேட்கப்பட்டுள்ளது."

படகு! உயிரோடு இருப்பவனுக்கு இல்லாத படகு செத்தவனுக்கு வருகிறது. தம்பி பிணத்தை வேண்டாம் என்று அக்கா எப்படிச் சொல்லுவாள்? பையைக் கட்டிவிட்டேன். துணி, தண்ணீர்ப் புட்டி, இந்தக் குறிப்பு. படகுக்காரர் பயந்துவிடக் கூடாது. தூரத்திலேயே சிரித்துக் கையாட்ட வேண்டும்.

வைகாசி 21

திரையில் ஒரே வரி.

"குடும்பத்தார் பதில்: உடல் வேண்டாம். அங்கேயே இருக்கட்டும்."

பிறகு திரை அணைந்தது. கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருக்கேன் இருக்கேன் என்று கத்தினேன். தொண்டை போயிற்று. பதிவில் இல்லாதவன் குரல் அதற்குக் கேட்பதில்லை.

அக்கா அப்படிச் சொல்லியிருக்க மாட்டாள். மச்சான் அவளிடம் கேட்டிருக்கவே மாட்டார். நான் செத்ததாக வந்த செய்தியை அவளுக்கு என்னவென்று படித்துக் காட்டியிருப்பார்? "தம்பி அங்கேயே இருக்கானாம்" என்றுதான்.