திறக்காத ஜன்னல்

14.5.2008, புதன்

எங்க ஆஸ்பத்திரி புது பிரசவ வார்டில் திறக்கிற ஜன்னலே கிடையாது. ஏசி காத்து வீணாகக்கூடாதுன்னு எல்லாம் அடைச்ச கண்ணாடி. மத்தியானம் கரண்ட் போச்சு. ஜெனரேட்டர் ஆபரேஷன் தியேட்டருக்கு மட்டும்தான். கத்திரி வெயிலில் வார்டு வெந்தது, குழந்தைங்க வீறிட்டு அழுதுங்க. நானும் ஆயா செல்வியும் தாய்மாருங்களைக் கைத்தாங்கலா வராண்டாவுக்குக் கொண்டுவந்தோம்.

வாசலில் மேனேஜர் காருக்குள்ள ஏசி போட்டு உக்காந்திருந்தார். கண்ணாடியை இறக்கி, "சிஸ்டர், இவங்களை உள்ள கூட்டிட்டுப் போங்க. பாக்கறவங்க என்னா நெனைப்பாங்க?" என்றார்.

நேத்து பிள்ளை பெத்த மங்கலம்பேட்டைப் பொண்ணு, பால் கொடுத்துக்கிட்டே, "நீங்க உள்ள போயி படுங்க சார். நாங்க காருல உக்காந்துக்கறோம்" என்றாள்.

அவர் கண்ணாடியை ஏத்திக்கிட்டார்.

விடிஞ்சா அந்த மூஞ்சிக்குத்தான் வணக்கம் சொல்லணும்.