செல்லோ இனி யாரிடம்

பாப்பாவுக்கு (இனி அப்படிக் கூப்பிடக் கூடாது என்று நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது),

போனில் நீ கேட்டதற்கு, "வந்து பேசிக்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அது பதில் இல்லை என்று உனக்கும் தெரியும்.

நான் பயிற்சிக்கு வந்திருக்கும் இந்த ஒரு வாரத்துக்குத்தான் உங்கள் ஆர்கெஸ்ட்ராவுக்கு எனக்குப் பதிலாக அந்தப் பெண்ணை ஆசிரியராகப் போட்டார்கள். அதற்குள் செல்லோவை அவளிடமே கற்கிறேன் என்கிறாய். நன்றாகச் சிரிக்கவைக்கிறாளாம். சரி. வில் பிடிக்கும் கட்டைவிரலைக் கவனிக்கிறாளா? இதை நான் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்.

உனக்குச் சொல்லிக்கொடுத்தேனே தவிர, செல்லோவை நான் வாசித்ததே இல்லை. இன்று வயலின் ஆசிரியர்களான எங்கள் கையில் செல்லோவைக் கொடுத்து, அந்தப் பெரிய வாத்தியத்தைக் கால்களுக்கு நடுவே நிறுத்தி, முதல் நாள் மாணவர்களாக உட்காரவைத்தார்கள். என் வில் கீச்சிட்டது.

"என்ன மேடம், பஸ்ல பக்கத்து சீட்டுக்காரரப் பாத்து ஒதுங்குற மாதிரி உக்காந்திருக்கீங்க? நல்லா கட்டிப் பிடிங்க, கடிக்காது!" என்றார் பயிற்சி நடத்திய பெண்மணி.

அறையே சிரித்தது. எனக்கும் அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே இழுத்தபோதுதான் முதன்முதலாக நல்ல நாதம் வந்தது.

உன்னிடம் நான் வருடக்கணக்காக, "தோளை இறக்கு" என்றே சொல்லிவந்திருக்கிறேன். என் வகுப்பில் நீ சிரித்த ஒரு நாளை மாலை முழுவதும் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

அவளிடமே கற்றுக்கொள். நானே வந்து பேசி ஏற்பாடு செய்கிறேன். ஆனால் கச்சேரியன்று சுருதி சேர்க்க மட்டும் என்னிடம் வா. அவள் உன் பக்கத்திலேயே நின்றாலும் என்னிடம் வா.

அம்மா